வேலியே பயிரை மேய்ந்தால்... குழந்தைகளின் சிறுநீரகத்தில் ஒரு துப்பறியும் கதை

காலையில் எழும்போது ஒரு குழந்தையின் கண்ணிமைகள் வீங்கியிருக்கின்றன. கொசு கடித்திருக்கும் என்று வீட்டில் சொல்கிறார்கள். மதியத்துக்குள் வீக்கம் வடிந்துவிடுவதால் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். சில நாள் கழித்துக் காலுறையைக் கழற்றினால், அதன் விளிம்பு கணுக்காலில் பள்ளமாகப் பதிந்திருக்கிறது. வயிறு உப்புகிறது. கால்சட்டை இறுகுகிறது. கழிப்பறையில் சிறுநீரின் மேல் நுரை நெடுநேரம் அடங்காமல் நிற்கிறது.

மாணவர்களே, இந்த அடையாளங்கள் சேர்ந்து வந்தால் மருத்துவர்கள் முதலில் சந்தேகிப்பது ‘நெஃப்ரோடிக் சிண்ட்ரோம்’ என்னும் சிறுநீரக நோயைத்தான். ஆண்டுதோறும் ஒரு லட்சம் குழந்தைகளில் ஏறத்தாழ 2 முதல் 7 பேருக்கு இது புதிதாக வருகிறது. பெரும்பாலும் 2 முதல் 6 வயதுக்குள் தொடங்குகிறது. அந்த வயதில் பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் சுமார் இரு மடங்கு அதிகம்.

உயிரியல் பாடத்தில் சிறுநீரகத்தை ஓர் அத்தியாயத்திலும், நோய் எதிர்ப்பாற்றலை வேறோர் அத்தியாயத்திலும் படிக்கிறீர்கள். இந்த நோயில் இரண்டு அத்தியாயங்களும் சந்திக்கின்றன. ஒழுகுவது சிறுநீரகம். ஆனால் பழுது சிறுநீரகத்திலேயே இருக்கிறதா, அல்லது உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலில் இருக்கிறதா? எந்த மருந்து கொடுப்பது, எந்த மருந்தைத் தவிர்ப்பது என்பதை இந்தக் கேள்வியின் விடைதான் முடிவு செய்கிறது. அந்த விடையைத் தேடி மருத்துவ உலகம் எண்பது ஆண்டுகள் அலைந்திருக்கிறது.

*உடலுக்குள் ஒரு நுண் வடிகட்டி*

தே தாரேக் கடையில் தேயிலையை வடிக்கும் துணிப்பையைப் பார்த்திருப்பீர்கள். சாறு இறங்கும், தூள் பையிலேயே நிற்கும். உங்கள் சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் இப்படிப்பட்ட வடிகட்டிகள் சுமார் பத்து லட்சம் உள்ளன. ஒவ்வொன்றும் நூல் பந்துபோல் சுருண்ட ஓர் இரத்த நுண்நாள முடிச்சு. அதன் பெயர் குளோமெருலஸ். பெரியவர் ஒருவரின் சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதில் ஏறத்தாழ 99 விழுக்காட்டை உடல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஒன்றிரண்டு லிட்டர்தான் சிறுநீராக வெளியேறுகிறது.

இந்த வடிகட்டிக்கு மூன்று அடுக்குகள். உட்புறம், துளைகள் நிறைந்த இரத்த நாளச் சுவர். நடுவில், அடித்தளச் சவ்வு என்னும் மெல்லிய படலம். வெளிப்புறம், போடோசைட் என்னும் உயிரணுக்கள். கிரேக்கச் சொல்லான ‘போடோ’ பாதத்தைக் குறிக்கும். பெயருக்கேற்ப இந்த உயிரணுக்களுக்கு எண்ணற்ற நுண்பாதங்கள் உண்டு. உங்கள் இரு கைவிரல்களையும் கோத்துப் பாருங்கள். அடுத்தடுத்த போடோசைட்டுகளின் பாதங்களும் அப்படித்தான் கோத்துக்கொண்டு நாளத்தைச் சுற்றிப் பிடித்திருக்கின்றன. விரல்களுக்கு இடையே தெரியும் சந்து போன்றதுதான் வடிகட்டியின் கடைசி வாயில். அதன் அகலம் சுமார் 40 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை 25,000 பங்காகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு அது. அந்தச் சந்தின் குறுக்கேயும் புரத இழைகளால் ஆன ஒரு வலை உண்டு. நம் கதையின் முக்கியப் பாத்திரம் அந்த வலைதான்.

நீர், உப்பு, யூரியா ஆகியவை இந்த வடிகட்டியைக் கடந்து செல்லும். அல்புமின் போன்ற பெரிய புரதங்கள் இரத்தத்திலேயே தங்கிவிடும்.

*புரதம் ஒழுகினால் என்ன ஆகும்?*

ஒரு லிட்டர் இரத்த நீர்மத்தில் பொதுவாக 35 முதல் 50 கிராம் அல்புமின் இருக்கும். இரத்தத்தின் நீரை நாளங்களுக்குள் பிடித்து வைப்பது அதன் வேலைகளில் ஒன்று. நெஃப்ரோடிக் சிண்ட்ரோமில் இந்த அளவு 25 கிராமுக்கும் கீழே போகக்கூடும். அப்போது நீர் நாளங்களிலிருந்து திசுக்களுக்குள் கசிகிறது. சிறுநீரகமும் வழக்கத்தைவிட அதிக உப்பைத் தேக்கி வைப்பதால் வீக்கம் கூடுகிறது. இரவெல்லாம் படுத்திருப்பதால் காலையில் தளர்வான கண்ணிமைகளில் நீர் சேர்கிறது. பகலில் நடமாடும்போது அது கால்களுக்கு இறங்குகிறது. காலையில் முகம் வீங்கி மாலையில் வடிவதன் காரணம் இதுதான்.

இழந்த புரதத்தை ஈடுகட்டக் கல்லீரல் அவசர அவசரமாக உழைக்கிறது. அந்த வேகத்தில் கொழுப்பைச் சுமக்கும் புரதங்களையும் அதிகமாக உற்பத்தி செய்வதால் இரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறுகிறது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் புரதங்கள் சிறுநீரில் போய்விடுவதால் நாளங்களுக்குள் இரத்தக்கட்டி உண்டாகும் ஆபத்து வருகிறது. கிருமிகளை எதிர்க்கும் ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள்களும் ஒழுகிப்போவதால் தொற்று எளிதில் பிடிக்கிறது. ஆன்டிபயாட்டிக் மருந்துகள் வருவதற்கு முந்திய காலத்தில் இந்த நோய் கண்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது கிருமித் தொற்று.

*முதல் தடயம்: தட்டம்மை*

1940-களில் மருத்துவர்கள் ஒரு விந்தையைப் பதிவு செய்தார்கள். நெஃப்ரோடிக் சிண்ட்ரோமால் வீங்கிப் படுத்திருந்த சில குழந்தைகளுக்குத் தட்டம்மை வந்தது. இருக்கும் நோயோடு இன்னொரு நோயா என்று எல்லாரும் அஞ்சியபோது, வீக்கம் வடிந்தது. சிறுநீரில் புரதம் நின்றது. வேறு மருந்து இல்லாத அந்தக் காலத்தில் சில மருத்துவர்கள் நோயாளிக் குழந்தைகளுக்கு வேண்டுமென்றே தட்டம்மையைத் தொற்ற வைத்தும் பார்த்தார்கள். தட்டம்மையே குழந்தைகளைக் கொல்லக்கூடிய நோய் என்பதால், இன்று யாரும் அதை எண்ணிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

ஆனால் தடயம் தடயம்தானே? தட்டம்மைக் கிருமி நோய் எதிர்ப்பாற்றலைச் சில வாரங்களுக்கு மந்தமாக்கிவிடும். காசநோய்க்கான தோல் பரிசோதனை தட்டம்மை வந்தவர்களிடம் வேலை செய்வதில்லை என்பதை 1908-ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரிய மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே கவனித்திருந்தார். எதிர்ப்பாற்றல் மந்தமானால் சிறுநீரகம் குணமாகிறது. அப்படியென்றால், சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது எதிர்ப்பாற்றலா?

1950-களில் இன்னொரு சான்று கிடைத்தது. கார்டிசோன் வகை ஸ்டீராய்டு மருந்துகள் இந்தக் குழந்தைகளைக் குணப்படுத்தின. அவையும் எதிர்ப்பாற்றலை அடக்குபவையே. உடற்பயிற்சிக் கூடங்களில் பேசப்படும், தசையைப் பெருக்கும் ஸ்டீராய்டு வேறு, இது வேறு.

*தடயமே இல்லாத குற்றம்*

அடுத்து, நோயுற்ற சிறுநீரகத்தின் துணுக்கை எடுத்துச் சாதாரண நுண்நோக்கியில் பார்த்தார்கள். பெரும்பாலான குழந்தைகளிடம் எந்தப் பழுதும் தென்படவில்லை! அதனால் இந்த வகைக்கு ‘மினிமல் சேஞ்ச்’, அதாவது மிகக் குறைந்த மாற்றமுள்ள நோய் என்றே பெயர் வந்துவிட்டது.

1957-இல் அமெரிக்காவில் மரிலின் ஃபார்க்குவார், ராபர்ட் வெர்னியர், ராபர்ட் குட் ஆகிய மூவரும் எலெக்ட்ரான் நுண்நோக்கியில் பார்த்தபோதுதான் பழுது வெளிப்பட்டது. போடோசைட்டின் கோத்த பாதங்கள் மறைந்து, தட்டையாகப் பரவிக் கிடந்தன. கோத்திருந்த விரல்கள் உள்ளங்கையாக மாறிவிட்டதுபோல் இருந்தது. நோய் அடங்கியதும் அந்தப் பாதங்கள் மீண்டும் முளைத்து ஒழுங்காகக் கோத்துக்கொள்கின்றன. பழுது நிரந்தரமானது அல்ல என்பது நம்பிக்கை தரும் செய்தி.

ஆனால் தாக்கியது யார்? எதிர்ப்பாற்றல் ஓர் உறுப்பைத் தாக்கினால் அங்கே எதிர்ப்பொருள்கள் குவிந்திருக்கும். ஒளிரும் சாயம் பூசிப் பார்த்தால் அவை பளிச்சென்று தெரியும். மினிமல் சேஞ்ச் நோயில் அப்படி எதுவும் தெரியவில்லை. கைரேகை இல்லாத குற்றம்.

1974-இல் ராபர்ட் ஷால்ஹூப் என்ற அமெரிக்க மருத்துவர், தடயங்களை ஒன்றுசேர்த்து லான்செட் இதழில் ஒரு கருத்தை முன்வைத்தார். தட்டம்மை நோயை அடக்குகிறது. எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகள் பலன் தருகின்றன. ஹாட்ஜ்கின் எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய் உள்ளவர்களுக்கும் சில நேரம் இதே சிறுநீரக நோய் வருகிறது. சிறுநீரகத்தில் எதிர்ப்பொருளைக் காணோம். ஆகவே, எதிர்ப்பாற்றலின் இன்னொரு படையான டி அணுக்கள் ஏதோ ஒரு பொருளைச் சுரந்து வடிகட்டியைக் கெடுக்கின்றன என்றார் அவர். அந்தப் பொருளை ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் தேடினார்கள். எல்லாரும் ஒப்புக்கொள்ளும்படி எதுவும் சிக்கவில்லை.

*எலி, பின்லாந்து, ஒரு புரதம்*

இதற்கிடையே வேறு இடங்களிலிருந்து தடயங்கள் வந்துகொண்டிருந்தன.

1988-இல் ஜப்பானின் நீகாட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எலியின் வடிகட்டியில் மட்டும் சென்று ஒட்டும் ஒரு வகை எதிர்ப்பொருளைத் தயாரித்து எலிகளுக்குச் செலுத்தினார்கள். ஒரே ஊசிதான். எலிகளின் சிறுநீரில் புரதம் கொட்டியது. ஆனால் அந்த எதிர்ப்பொருள் வடிகட்டியின் எந்தப் பகுதியைப் பிடித்தது என்பது அப்போது விளங்கவில்லை.

பின்லாந்தில் சுமார் 8,000 குழந்தைகளில் ஒன்று, கருவிலிருந்தே புரதம் ஒழுகும் ஒரு பரம்பரை நோயோடு பிறக்கிறது. 1998-இல் கார்ல் டிரைக்வாசன் தலைமையிலான குழு அதற்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தது. (இவர் பிற்காலத்தில் சிங்கப்பூரின் டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியிலும் பேராசிரியராக இருந்தார்.) அந்த மரபணு உருவாக்கும் புரதத்துக்கு நெஃப்ரின் என்று பெயரிட்டார்கள். போடோசைட் பாதங்களுக்கு இடையே உள்ள சந்தில், இரு பக்கத்திலிருந்தும் நீண்டு வந்து நடுவில் பிடித்துக்கொள்ளும் புரதம் அது. ஜிப்பின் இரு வரிசைப் பற்களைப்போல் நினைத்துக்கொள்ளுங்கள். நெஃப்ரின் இல்லாத குழந்தைக்கு ஜிப்பே இல்லை.

அடுத்த ஆண்டே நீகாட்டா எலிகளின் புதிரும் அவிழ்ந்தது. அந்த எதிர்ப்பொருள் போய் ஒட்டிய இடம் நெஃப்ரின்தான்!

பின்லாந்துக் குழந்தைகளுக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியபோது இன்னொன்றும் தெரிந்தது. சிலருக்குப் புதிய சிறுநீரகத்திலும் புரதம் ஒழுகத் தொடங்கியது. நல்ல சிறுநீரகத்தில் ஏன் ஒழுக வேண்டும்? அந்தக் குழந்தைகளின் எதிர்ப்பாற்றல் பிறந்ததிலிருந்து நெஃப்ரினைக் கண்டதே இல்லை. புதிய சிறுநீரகத்தில் முதன்முறையாக அதைக் கண்டு, அந்நியப் பொருள் என்று எடுத்துக்கொண்டது. அவர்களில் சிலரின் இரத்தத்தில் நெஃப்ரினுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருந்ததை 2002-இல் வெளியான ஆய்வு காட்டியது.

எலியிலும் சரி, மாற்றுச் சிறுநீரகத்திலும் சரி, நெஃப்ரினைத் தாக்கினால் புரதம் ஒழுகும். அப்படியென்றால், சாதாரணமாக வீட்டில் ஓடி விளையாடிக்கொண்டிருந்த ஒரு நான்கு வயதுக் குழந்தைக்கும் இதுதான் நடக்கிறதா?

*எதிர்பாராத ஒரு மருந்து*

2004-இல் ஜெர்மனி மருத்துவர்கள் ஒரு பதின்ம வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார்கள். அவனுக்கு நெஃப்ரோடிக் சிண்ட்ரோமுடன் ஓர் இரத்த நோயும் இருந்தது. இரத்த நோய்க்காக ரிட்டக்சிமாப் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். சிறுநீரக நோயும் சேர்ந்து அடங்கிவிட்டது.

ரிட்டக்சிமாப் அழிப்பது பி அணுக்களை. எதிர்ப்பொருள்களைத் தயாரிப்பது பி அணுக்களின் வழிவந்த உயிரணுக்கள்தான் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். 2014-இல் ஜப்பானின் கோபே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கசுமோட்டோ ஈஜிமா குழுவினர், நோய் அடிக்கடி திரும்பிவந்த 48 பேரிடம் முறையான சோதனை நடத்தினார்கள். ஒரு பிரிவுக்கு ரிட்டக்சிமாப். மறு பிரிவுக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. நோய் திரும்பாமல் இருந்த இடைநிலைக் காலம் மருந்து பெற்றவர்களிடம் 267 நாள். மற்றவர்களிடம் 101 நாள். டி அணுக்கள்தான் குற்றவாளி என்றால், பி அணுக்களை அழிக்கும் மருந்து ஏன் இவ்வளவு பலன் தர வேண்டும்? சந்தேகம் மீண்டும் எதிர்ப்பொருள் பக்கம் திரும்பியது.

*கைரேகை கிடைத்தது*

2022-இல் அமெரிக்காவின் போஸ்டன் நகர ஆய்வாளர்கள், மினிமல் சேஞ்ச் நோய் தீவிரமாக இருந்த 62 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். அவர்களில் 18 பேரிடம் நெஃப்ரினைத் தாக்கும் எதிர்ப்பொருள் இருந்தது. சிறுநீரகத் துணுக்குகளை மீண்டும் உற்றுப் பார்த்தபோது, நெஃப்ரின் இருக்கும் அதே இடங்களில் எதிர்ப்பொருள்கள் பொடிப்பொடியான புள்ளிகளாகத் தெரிந்தன. இத்தகைய மங்கலான புள்ளிகளை அதுவரை யாரும் பொருட்படுத்தவில்லை. கைரேகை அங்கேயே இருந்திருக்கிறது. அதைக் கைரேகை என்று யாரும் எண்ணவில்லை.

2024-இல் ஜெர்மனியின் ஹம்பர்க் பல்கலைக்கழக மருத்துவமனைக் குழு, மேலும் நுட்பமான முறையில் 357 பெரியவர்களையும் 182 குழந்தைகளையும் சோதித்து, நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் முடிவுகளை வெளியிட்டது. காரணம் தெரியாத நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் 52 விழுக்காட்டினரிடம் இந்த எதிர்ப்பொருள் இருந்தது. நோய் தீவிரமாக இருந்து, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தை எடுத்துக்கொள்ளாத குழந்தைகளை மட்டும் பார்த்தால், அது 90 விழுக்காடு! நோய் ஏறும்போது எதிர்ப்பொருள் ஏறியது. நோய் அடங்கும்போது அதுவும் இறங்கியது. சுண்டெலிகளுக்கு நெஃப்ரினைச் செலுத்தி எதிர்ப்பொருளை உண்டாக்கியபோது, அவற்றுக்கும் இதே நோய் வந்தது.

எதிர்ப்பொருள்கள் இத்தனை காலம் கண்ணில் படாமல் போனதற்குக் காரணங்கள் உண்டு. அவை ஒட்டும் இடம் மிக மெல்லியது, அளவும் சிறிது. மேலும், பெரும்பாலான குழந்தைகளுக்குச் சிறுநீரகத் துணுக்கு எடுக்காமலேயே ஸ்டீராய்டு தொடங்கப்படுகிறது. மருந்து தொடங்கினால் எதிர்ப்பொருளும் மறையத் தொடங்கும்.

அப்படியானால் ஷால்ஹூப் சொன்னது பிழையா? எதிர்ப்பாற்றல்தான் காரணம், சிறுநீரகம் பலியாள் என்ற அவருடைய அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது. பி அணுக்கள் எதிர்ப்பொருளைத் தயாரிக்க டி அணுக்களின் உதவி வேண்டும் என்பதால், டி அணுக்களும் இந்த வழக்கிலிருந்து விடுபடவில்லை. எல்லாக் குழந்தைகளிடமும் நெஃப்ரின் எதிர்ப்பொருள் கிடைப்பதில்லை என்பதால், தேடலும் முடியவில்லை.

*ஏன் சிலருக்கு மட்டும்?*

வேலியே பயிரை மேயும் இந்த நிலை எல்லாக் குழந்தைகளுக்கும் வருவதில்லை. ஒரு காரணம் மரபணு. நம் உயிரணுக்கள் எதிர்ப்பாற்றலிடம் காட்டும் அடையாள அட்டைபோல் எச்.எல்.ஏ. என்ற புரதங்கள் உள்ளன. அவை ஆளுக்கு ஆள் மாறும். சில வகை எச்.எல்.ஏ. உள்ளவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு கூடுதல். இதை முதலில் தெளிவாகக் காட்டிய ஆய்வுகளில் ஒன்று 2015-இல் வெளிவந்தது. அதில் பங்கேற்றவர்கள் இலங்கைக் குழந்தைகள். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் வட்டாரத்தில் தெற்காசிய வம்சாவளிக் குழந்தைகளிடம் இந்த நோய் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்று 1985-இலேயே மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள். பிற்கால ஆய்வுகளில் நெஃப்ரின் மரபணுவின் சில வடிவங்களும் இந்தப் பட்டியலில் சேர்ந்தன.

மரபணு மட்டும் போதாது. ஒரு தூண்டுதலும் வேண்டும். பெரும்பாலும் அது சாதாரணச் சளி, இருமல். நோய் திரும்பிவரும் தருணங்களில் ஏறத்தாழ பாதி, சளிக் காய்ச்சலைத் தொடர்ந்தே வருகின்றன. கிருமியை எதிர்க்க எழுந்த படை எப்படி நெஃப்ரின் பக்கம் திரும்புகிறது என்பதை ஆய்வாளர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

எதிர்ப்பாற்றல் சிறுநீரகத்தைக் கெடுக்க வேறு வழிகளும் உண்டு. ஹெப்படைட்டிஸ் பி கிருமியின் துணுக்குகளும் எதிர்ப்பொருள்களும் வடிகட்டியின் நடுப் படலத்தில் படிந்து புரதத்தை ஒழுக வைக்கும். தைவான் 1984-இலும், சிங்கப்பூர் 1987-இலும், மலேசியா 1989-இலும் குழந்தைகளுக்கான ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கின. தடுப்பூசி பரவலான நாடுகளில் இந்த வகைச் சிறுநீரக நோய் குழந்தைகளிடம் அரிதாகிவிட்டது. நீங்கள் பிறந்தவுடன் போட்ட ஊசி, கல்லீரலோடு சிறுநீரகத்தையும் காத்திருக்கிறது.

உங்கள் வயதில், குறிப்பாக மாணவிகளிடம், லூபஸ் என்ற நோயும் காரணமாகலாம். அதில் எதிர்ப்பொருள்கள் உடலின் சொந்த டிஎன்ஏவையே தாக்கும். கன்னங்களில் பட்டாம்பூச்சி வடிவத் தடிப்பு, மூட்டுவலி, ஓயாத சோர்வு ஆகியவை அதன் அடையாளங்கள். சருமத்தை வெளுக்க வைப்பதாகச் சொல்லி விற்கப்படும் சில களிம்புகளில் பாதரசம் கலந்திருப்பதுண்டு. அது தோல் வழியே உடலில் சேர்ந்து இதே நெஃப்ரோடிக் சிண்ட்ரோமை உண்டாக்கியதைக் கென்யா முதல் கேரளம் வரை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பெயர் தெரியாத களிம்பை இணையத்தில் வாங்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

*விடை தெரிவதால் என்ன நன்மை?*

நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் கண்ட குழந்தைகளில் 80 முதல் 90 விழுக்காட்டினருக்குப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்திலேயே புரதம் நின்றுவிடும். பெரும்பாலும் நான்கு வாரங்களுக்குள். ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு நோய் ஒரு முறையாவது திரும்பிவரும். சிலருக்கு ஆண்டில் பல முறை வரும். ஒவ்வொரு முறையும் மறுபடி ஸ்டீராய்டு. அடங்காப் பசி, உருண்டு திரண்ட முகம், எரிச்சல், வளர்ச்சி தடைபடுதல், எலும்பு மெலிதல் என்று அதற்கான விலையைக் குழந்தை கொடுக்கிறது.

ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படாத சிலரிடம் பழுது வேறு இடத்தில் இருக்கலாம். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு, வடிகட்டியின் புரதத்தை உருவாக்கும் ஒரு மரபணுவே பிழையாக இருக்கிறது. எதிர்ப்பாற்றல்மேல் குற்றமில்லாதபோது அதை அடக்கும் மருந்தைக் கொடுத்தால், பக்க விளைவுதான் மிஞ்சும். பெரும்பாலும் பலன் இராது. இப்படிப்பட்டவர்களை மரபணுப் பரிசோதனை இனம் காட்டுகிறது. நெஃப்ரின் எதிர்ப்பொருள் பரிசோதனை பரவலாகும்போது, யாருக்கு எந்த மருந்து, எவ்வளவு காலம், எப்போது நிறுத்தலாம் என்பதை ஓர் இரத்தச் சொட்டைப் பார்த்துத் தீர்மானிக்க முடியும் என்று மருத்துவர்கள் எதிர்பார்க்கிறார்கள்.

*உங்கள் வகுப்பில் ஒருவருக்கு இருந்தால்...*

இந்த நோய் தொற்றாது. பக்கத்தில் உட்கார்ந்தாலும் ஒன்றாகச் சாப்பிட்டாலும் யாருக்கும் பரவாது. ஸ்டீராய்டு எடுப்பவரின் முகம் உருண்டிருப்பது மருந்தின் விளைவு. அதைக் கேலி செய்தால் என்ன ஆகும் தெரியுமா? பதின்ம வயதுப் பிள்ளைகள் சிலர் முகத்துக்காகவே மருந்தைத் தாமாக நிறுத்திவிடுகிறார்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வரும்போது, உடலின் அட்ரினல் சுரப்பிகள் தம் உற்பத்தியைக் குறைத்துவிடும். மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் சுரப்பிகளால் உடனே ஈடுகொடுக்க முடியாது; உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு கேலிச் சொல் அவ்வளவு தூரம் போகக்கூடும்.

இன்னொன்று, சிக்கன் பாக்ஸ் எனப்படும் சின்னம்மை, தட்டம்மை ஆகியவை அவர்களைக் கடுமையாகத் தாக்கும். உங்களுக்கு அம்மை கண்டால் பள்ளிக்கு உடனே தெரிவியுங்கள். அந்த ஒரு தகவல் நண்பரின் பெற்றோரைச் சரியான நேரத்தில் மருத்துவரிடம் அனுப்பும்.

*நினைவில் கொள்ளுங்கள்*

• காலையில் கண் வீக்கம், மாலையில் கால் வீக்கம், அடங்காத நுரையுள்ள சிறுநீர் ஆகியவை சில நாள் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். சிறுநீரில் ஒரு பரிசோதனைத் தாள்பட்டையை நனைத்தாலே போதும். புரதம் இருந்தால் மஞ்சள் நிறம் பச்சையாக மாறும்.

• நோய் உள்ள பிள்ளைகளின் வீட்டில் தினமும் காலையில் இந்தப் பரிசோதனையைச் செய்து குறிப்பேட்டில் எழுதி வைப்பார்கள். மூன்று நாள் தொடர்ந்து மூன்று கூட்டல் குறி அளவுக்குப் புரதம் காட்டினால் நோய் திரும்பிவிட்டது என்று பொருள்.

• வீக்கம் இருக்கும்போது உப்பைக் குறைக்க வேண்டும். உடனடி மீ, கெரோப்போக், கிச்சாப் ஆகியவற்றில் உப்பு மிக அதிகம்.

• புரதம் ஒழுகுகிறதே என்று முட்டையும் இறைச்சியும் அளவுக்கு மீறிக் கொடுப்பதில் பயனில்லை. வயதுக்கேற்ற வழக்கமான அளவே போதும்.

• வீக்கத்தோடு காய்ச்சல், கடும் வயிற்றுவலி, மூச்சுத் திணறல் வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இந்த நோய் கண்ட குழந்தைகளில் பெரும்பாலோர் வளர வளர அதிலிருந்து விடுபடுகிறார்கள். சிறுநீரகமும் நலமாகவே இருக்கிறது. சளிக் காய்ச்சலுக்கும் நெஃப்ரினுக்கும் இடையே உள்ள அந்த விடுபட்ட கண்ணி மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. இன்று இதைப் படிக்கும் உங்களில் ஒருவர் ஆய்வுக்கூடத்தில் நின்று அதைக் கண்டுபிடிக்க இன்னும் நேரம் இருக்கிறது.